செம்பருத்திக் குடும்பமும் டிஎன்ஏ காட்டும் உறவுமுறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் இளங்கலைத் தாவரவியல் மாணவர்களுக்கு வகைப்பாட்டியல் நடத்தி வருகிறேன். ஆண்டுதோறும் அவர்களை 1826இல் அமைக்கப்பட்ட நம் தாவரவியல் பூங்காவுக்கும், கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் பக்கமும் அழைத்துச் செல்வது வழக்கம். செம்பருத்திக் குடும்பம் என்று நாம் சொல்லும் மால்வேசியைப் பற்றி மாணவர்களும், உடன் வரும் பெற்றோரும், சில நேரங்களில் வழியில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

மால்வேசி குடும்பத்தில் நமக்குத் தெரிந்த செடிகள் எவை?

பூசைக்குப் பறிக்கும் செம்பருத்தி, சாம்பாருக்கு வாங்கும் வெண்டை, புளிச்சக்கீரை, வேலியோரத்துத் துத்தி, கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒட்டத்துத்தி, வைத்தியர் கேட்கும் சிற்றாமுட்டியும் குறுந்தொட்டியும், திட்டக்குடி, வேப்பூர் பக்கத்துக் காடுகளில் விளையும் பருத்தி, மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையார்மீது பூசணிப்பூவோடு செருகப்படும் பூவரசம்பூ ஆகிய அனைத்தும் இந்தக் குடும்பமே. இவற்றை எவரும் எளிதில் ஏற்றுக்கொள்வர். தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரம், பூக்கும் காலத்தில் அருகில் நிற்க முடியாத பீநாறி மரம், சாக்குப் பைக்கு நார் தரும் சணல், சாக்லேட் தரும் கோகோ, துரியன் பழம், பருத்து நிற்கும் ஆனைப்புளிய மரம் ஆகியவையும் இதே குடும்பம்தான் என்று சொல்லும்போதுதான் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். உலக அளவில் ஏறத்தாழ 240 பேரினங்களும் 4,200க்கு மேற்பட்ட சிற்றினங்களும் இக்குடும்பத்தில் அடங்கும்.

நாங்கள் படித்தபோது மால்வேசி, ஸ்டெர்குலியேசி, டிலியேசி, பாம்பகேசி என்று தனித்தனிக் குடும்பங்கள் இருந்தனவே?

இருந்தன. இன்றும் நம் பாடத்திட்டத்தில் இடம்பெறும் பெந்தம்-ஹூக்கர் முறை (அதன் முதல் தொகுதி 1862இல் தொடங்கியது) மால்வேசி, ஸ்டெர்குலியேசி, டிலியேசி என மூன்றாகப் பிரித்து, இலவ மரத்தை மால்வேசிக்குள்ளேயே ஓர் உட்பிரிவாக வைத்தது. பின்னால் வந்தவர்கள் அதைப் பாம்பகேசி என்று தனிக்குடும்பம் ஆக்கினார்கள். இந்த நான்குக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. மகரந்தத்தாள்கள் குழல்போல் ஒட்டியிருப்பது, மகரந்தப்பை ஒரே அறையுடன் இருப்பது, மரமா செடியா என்பது என எந்த அடையாளத்தை எடுத்தாலும் விதிவிலக்குகள் குவிந்தன.

1997இல் ஜட், மான்செஸ்டர் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் உருவம், உள்ளமைப்பு, மகரந்தத்தூள், வேதிப்பொருள் ஆகியவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, நான்கையும் ஒன்றாக்குவதே முறை என்று எழுதினர். 1999இல் ஆல்வர்சன் குழுவினர் என்டிஎச்-எஃப் என்ற பசுங்கணிக மரபணுவையும், பேயர் குழுவினர் ஏடிபி-பி, ஆர்பிசி-எல் ஆகிய இரண்டையும் படித்து வெளியிட்ட உறவுமுறை மரங்கள் (எது எதற்கு நெருக்கம் என்று கிளைகளாகக் காட்டும் படங்கள்) அதை உறுதிசெய்தன. டிலியேசி, ஸ்டெர்குலியேசி என்பவை ஒரே கொம்பில் தொங்கவே இல்லை. அவற்றின் உறுப்பினர்கள் மரம் முழுவதும் சிதறிக் கிடந்தனர். ஆகவே இப்போது ஒரே மால்வேசி, அதற்குள் ஒன்பது துணைக்குடும்பங்கள் என்று வைத்திருக்கிறார்கள்.

சிதறலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் முறுக்கிய கயிறுபோல் கிடைக்கும் வலம்புரிக்காயின் செடியும், இறகு முளைத்த விதை கொண்ட வெண்ணாங்கு மரமும் பழைய முறையில் ஸ்டெர்குலியேசிக்குள் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. டிஎன்ஏ அவற்றை வெவ்வேறு துணைக்குடும்பங்களுக்கு அனுப்பிவிட்டது. பாம்பகேசியில் இலவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த துரியனோ வலம்புரியின் வீட்டில் போய்ச் சேர்ந்தது. பழத்தின் முள்ளையும் காயின் முறுக்கையும் பார்த்து இந்த உறவை ஊகித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பூவையும் காயையும் பார்த்தே உறவைச் சொல்ல முடியாதா? டிஎன்ஏ எதற்கு?

பல இடங்களில் முடியும். வகைப்பாட்டியலாளர்களின் கண் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் பூவின் வடிவம் அதை நாடி வரும் வௌவாலுக்கும் தேன்சிட்டுக்கும் வண்டுக்கும் ஏற்ப மாறுவது. ஒரே வகை விருந்தாளியை எதிர்பார்க்கும் இரண்டு பூக்கள் உறவில்லாமலே ஒத்த தோற்றத்தைப் பெற்றுவிடலாம். உடன்பிறந்தவை அடையாளம் தெரியாமல் விலகியும் போகலாம். டிஎன்ஏவில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ளன. அவற்றுள் பல, செடியின் தோற்றத்தோடு தொடர்பில்லாமல் மெதுவாக மாறிக்கொண்டு வருபவை. அதனால் உறவைக் கணிக்க நமக்குக் கிடைக்கும் சாட்சிகளின் எண்ணிக்கை பல மடங்காகிறது. சாட்சி பெருகியதால் தீர்ப்பு எப்போதும் சரியாகிவிடும் என்று பொருளில்லை. அதைப் பருத்தியைப் பற்றிய விடையில் காணலாம்.

எழுத்து வரிசையிலிருந்து உறவு எப்படித் தெரிகிறது?

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஒரு நூலின் பத்துப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதங்களைக் குறித்துக்கொள்கிறோம். மூன்று பிரதிகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அந்த மூன்றும் அப்பிழையுடைய ஏதோ ஒரு தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று முடிவு செய்கிறோம். எல்லாப் பிரதிகளிலும் சரியாக உள்ள சொல் எந்த உறவையும் காட்டாது. ஒரே ஒரு பிரதியில் மட்டும் உள்ள பிழையும் காட்டாது. சிலர் மட்டும் பகிர்ந்துகொள்ளும் பிழைதான் பேசும்.

டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். ஒரே மரபணுவின் வரிசையைச் செம்பருத்தி, வெண்டை, பூவரசு, பருத்தி ஆகியவற்றிலிருந்து எடுத்து, ஒத்த எழுத்துக்குக் கீழே ஒத்த எழுத்து வருமாறு அடுக்குகிறோம். இடையில் சில எழுத்துகள் விடுபட்டோ கூடுதலாகவோ இருக்கும் என்பதால், இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். இந்தப் பொருத்தத்தில் கவனம் தவறினால் பின்னால் எந்தக் கணினியும் காப்பாற்றாது. ஒரு நெடுவரிசையில் பூவரசுக்கும் பருத்திக்கும் ஜி, மற்ற இரண்டுக்கும் ஏ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எது பழையது, எது மாறியது என்று அறியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு செடி வேண்டும். அதற்குப் புறக்குழு என்று பெயர். புறக்குழுவிலும் ஏ இருந்தால், ஜி என்பது பூவரசும் பருத்தியும் பகிர்ந்துகொண்ட மாற்றம் ஆகிறது.

சுவடி ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்துகள் நான்கே என்பதால், தொடர்பே இல்லாத இருவர் ஒரே பிழையைத் தனித்தனியே செய்யும் வாய்ப்பு டிஎன்ஏவில் மிகவும் கூடுதல். அதனால்தான் வெறும் பிழைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், எந்த எழுத்து எதுவாக எவ்வளவு எளிதில் மாறும் என்ற நிகழ்தகவையும் கணக்கில் எடுக்கும் முறைகளை இன்று பயன்படுத்துகிறார்கள். கணக்கின் அளவும் சிறியதன்று: பத்தே பத்துச் செடிகளுக்கு வேருடன் கூடிய மரங்களை 3,44,59,425 விதமாக வரைய முடியும்.

மரப்படத்தில் கிளைகளின்மேல் 100, 87, 54 என்று எழுதியிருப்பது என்ன?

பெரும்பாலும் அது பூட்ஸ்ட்ராப் மதிப்பு. 1985இல் பெல்சன்ஸ்டைன் இதை அறிமுகப்படுத்தினார். நெடுவரிசைகளைக் குலுக்கல் முறையில் திரும்பத் திரும்ப எடுத்து, நூற்றுக்கணக்கான முறை மரத்தைப் புதிதாகக் கட்டி, அந்தக் கிளை எத்தனை விழுக்காடு முறை மீண்டும் வந்தது என்று எண்ணுவார்கள். 54 என்று இருக்கும் கிளையை நம்பி யாரும் வீடு கட்ட வேண்டாம். மாணவர்கள் படத்தின் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். எண்களைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

செடியின் எந்த டிஎன்ஏவைப் படிக்கிறார்கள்?

செடியின் செல்லில் டிஎன்ஏ மூன்று இடங்களில் உள்ளது: உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம். தொடக்க ஆய்வுகள் பசுங்கணிகத்தையே நாடின. பருத்தியின் பசுங்கணிக டிஎன்ஏ ஏறத்தாழ 1,60,000 எழுத்து இணைகள் கொண்ட ஒரு வளையம். ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான படிகள் இருப்பதால் எடுப்பது எளிது. ஆர்பிசி-எல் மெதுவாக மாறும். குடும்பங்களுக்கு இடையே உள்ள பழைய உறவுகளுக்கு ஏற்றது. மேட்-கே, என்டிஎச்-எஃப் ஆகியவை சற்று வேகமாக மாறும். உட்கருவில் உள்ள ஐடிஎஸ் பகுதி இன்னும் வேகமாக மாறுவதால், நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க உதவும். இப்போது ஒன்றிரண்டு மரபணுக்களோடு நிற்காமல், முழுப் பசுங்கணிகத்தையும் உட்கருவின் நூற்றுக்கணக்கான மரபணுக்களையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

இலையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது கடினமா?

பல குடும்பங்களில் இல்லை. இந்தக் குடும்பத்தில் கடினம்தான். காரணம் எல்லாருக்கும் தெரிந்தது: வெண்டைக்காயின் வழவழப்பு. தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையைக் கசக்கினால் நுரைத்து வரும் அந்தப் பசைப்பொருள் ஒருவகைக் கூட்டுச்சர்க்கரை. அது டிஎன்ஏவைப் போலவே நீரில் கரையும், டிஎன்ஏவைப் போலவே ஆல்கஹாலில் திரண்டு படியும்.

நான் முதன்முதலாக வெண்டை இலையில் டிஎன்ஏ எடுத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. கையளவு முற்றிய இலையைக் கல்வத்தில் அரைத்து, செல்லை உடைக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில் 65 டிகிரி சூட்டில் வைத்து, குளோரோபாம் சேர்த்துக் குலுக்கிச் சுழற்றி, மேலே நின்ற தெளிவான நீரில் ஐசோபுரோபனாலை ஊற்றியதும் குழாய் முழுவதும் வெள்ளையாகத் திரண்டது. இவ்வளவு டிஎன்ஏவா என்று மகிழ்ந்தேன். பிப்பெட் முனையால் தொட்டபோது அது கஞ்சிபோல் நூல் நூலாக இழுபட்டது. மறுநாள் டிஎன்ஏவை நொதியால் பல படிகளாக்கும் பிசிஆர் முடித்து, துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் அடையாளக் கோடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. பசை நொதியைச் செயல்பட விடவில்லை.

பின்னர் கற்றுக்கொண்டவை இவை. மொட்டுக்கு அருகில் உள்ள இளந்தளிரை எடுக்க வேண்டும். வயலிலேயே இலையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து ஒரே நாளில் உலர்த்திவிட வேண்டும். நம் கடலோர ஈரக்காற்றில் ஜெல் விரைவில் நிறம் மாறிவிடும் என்பதால் இரட்டிப்பு ஜெல் எடுத்துச் செல்வது நல்லது. 20 மில்லிகிராம் உலர் இலை போதும். கூடுதலாகப் போட்டால் பசைதான் கூடும். ஆல்கஹால் சேர்க்கும் கட்டத்தில் உப்பின் அளவைக் கூட்டினால் கூட்டுச்சர்க்கரையின் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடும், டிஎன்ஏ மட்டும் படியும். கடைசியில் கிடைப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சிறு படிவு. குழாய் நிறையத் தெரிந்தால் அது டிஎன்ஏ இல்லை என்று இப்போது மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெண்டையும் செம்பருத்தியும் ஒரே பேரினமா?

லின்னேயஸ் 1753இல் வெண்டையை ஹைபிஸ்கஸ் பேரினத்தில்தான் வைத்தார். 1794இல் மோன்ச் அதை அபெல்மோஸ்கஸ் என்று பிரித்தார். பிரித்ததற்குக் கண்ணால் காணக்கூடிய காரணம் உண்டு: வெண்டைப் பூவின் புல்லி வட்டம் ஒரு பக்கம் மட்டும் கிழிந்து, பூ வாடும்போது இதழோடு சேர்ந்து விழுந்துவிடும், செம்பருத்தியில் ஐந்து பற்களோடு நிலைத்து நிற்கும்.

2002இல் பீல் முதலியோர் என்டிஎச்-எஃப் மரபணுவையும் ஆர்பிஎல்-16 பகுதியையும் கொண்டு வரைந்த மரம், இந்தப் பிரிவினையைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. வெண்டை, சிற்றாமுட்டி, ஒட்டத்துத்தி ஆகியவற்றின் பேரினங்கள் எல்லாம் ஹைபிஸ்கஸ் என்ற பெரிய கொம்புக்கு உள்ளேயே முளைத்த கிளைகளாகத் தெரிந்தன. அண்ணன் பிள்ளைகளையும் தம்பி பிள்ளைகளையும் ஒரு குடும்ப அட்டையில் எழுதி, நடு அண்ணன் பிள்ளைகளை மட்டும் வேறு குடும்பம் என்று எழுதியது போன்ற நிலை இது. எல்லாவற்றையும் ஹைபிஸ்கஸ் என்று ஒன்றாக்கலாம், அல்லது ஹைபிஸ்கஸையே பல துண்டுகளாக்கலாம். முதல் வழியில் வெண்டையின் பெயர் மாறும். இரண்டாம் வழியில் நூற்றுக்கணக்கான செடிகளின் பெயர் மாறும். பெரும்பாலோர் இன்றும் வெண்டையை அபெல்மோஸ்கஸ் என்றே எழுதுகிறார்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பெயர் வசதிக்காக வைத்துக்கொண்டது என்பதை வகுப்பில் மறைப்பது சரியன்று.

பூவரசுக்கு நெருங்கிய உறவு செம்பருத்தியா, பருத்தியா?

பருத்தி. பூவரசும் 1753இல் ஹைபிஸ்கஸாகவே பெயர் பெற்று, 1807இல்தான் தெஸ்பேசியா ஆனது. பருத்தி விதையை உடைத்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். அவற்றில் காசிப்பால் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அத்தகைய சுரப்பிகள் பூவரசிலும் உண்டு. இவற்றை வைத்து 1968இல் பிரிக்ஸெல் பருத்தி இனக்குழுவை (பல பேரினங்கள் சேர்ந்த பிரிவு) வரையறுத்தார்; 1997இல் வெளிவந்த டிஎன்ஏ ஆய்வும் அந்த இனக்குழுவை ஒரே மூலத்திலிருந்து வந்ததாகவே காட்டியது. கண் சொன்னதையே டிஎன்ஏவும் சொன்ன நல்ல உதாரணம் இது. பருத்திக்கு மிகவும் நெருங்கியவை பூவரசு அல்ல. ஹவாய்த் தீவுகளில் உள்ள கோக்கியாவும், ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் உள்ள காசிப்பியாய்டெஸும்தான். கழிமுகங்களில் வளரும் நீர்ப்பருத்தியைப் பெயரை வைத்துப் பருத்தியாக எண்ணிவிட வேண்டாம். அது செம்பருத்திப் பக்கத்து உறவு.

ஒரே செடிக்கு இரண்டு மரபணுக்கள் இரண்டு வெவ்வேறு மரங்களைக் காட்டினால் எதை நம்புவது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஆலைச் சங்கு ஒலியில் விழித்தெழுந்த இந்த ஊரில் இதற்குப் பருத்தியைக் கொண்டே விடை சொல்வது பொருத்தம்.

நம் பழைய கருங்கண்ணிப் பருத்தி ஆர்போரியம் என்ற சிற்றினம். அதன் குரோமோசோம்கள் 26. இன்று வயல்களில் பெரும்பாலும் உள்ளது அமெரிக்காவிலிருந்து பரவிய ஹிர்சூட்டம். அதன் குரோமோசோம்கள் 52. இந்த 52இல் பாதி பெரியவை, பாதி சிறியவை. பெரியவை கருங்கண்ணியின் உறவுக்காரச் செடியிலிருந்தும், சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்தியிலிருந்தும் வந்தவை. 10 லட்சம் முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, மனிதன் பருத்தியை அறியாத காலத்தில், பழைய உலகத்தின் ஒரு விதை எப்படியோ கடல் கடந்து சென்று அங்குள்ள செடியோடு கலந்திருக்கிறது.

இப்போது ஹிர்சூட்டத்தின் பசுங்கணிக டிஎன்ஏவை மட்டும் எடுத்து மரம் வரைந்தால், அது கருங்கண்ணியின் பக்கத்தில் போய் நிற்கும். பருத்தியில் பசுங்கணிகம் தாய்வழியாகவே வருவதால், கலப்பில் தாயாக இருந்தது பழைய உலகப் பருத்தி என்று 1989இல் வெண்டெல் நிறுவினார். ஆனால் அந்த மரத்தைப் பார்ப்பவருக்குத் தந்தையின் நாடே தெரியாமல் போய்விடும். உட்கரு மரபணுக்களைப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படிகள் கிடைக்கும். ஒன்று இங்கேயும் மற்றொன்று அமெரிக்கப் பக்கத்திலும் அமரும். இரண்டு மரங்களும் உண்மையே சொல்கின்றன. ஒன்று தாய்வழி உறவை மட்டும் பேசுகிறது. ஆஸ்திரேலியாவின் பிக்கியை என்ற பருத்தியிலோ குரோமோசோம் இரட்டிப்பு எதுவும் இல்லாமலே பசுங்கணிகம் ஓர் இனத்தைப் போலவும் உட்கரு இன்னோர் இனத்தைப் போலவும் இருக்கிறது. வரிசைகளை ஒப்பிடாமல் அந்தப் பழைய கலப்பு வெளிப்பட்டிருக்காது. ஆகவே முரண்பாடு வந்தால் உடனே ஆய்வில் தவறு என்று எண்ணாமல், அங்கே கலப்பு நடந்திருக்குமோ என்று பார்ப்பதே முறை.

இந்தக் குடும்பம் எவ்வளவு பழையது?

டிஎன்ஏ மாற்றங்களின் எண்ணிக்கை மட்டும் ஆண்டைச் சொல்லாது. தொல்லுயிர் எச்சம் ஒன்றைக் கிளையில் கட்டி வைக்க வேண்டும். கொலம்பியாவின் செர்ரெஹோன் சுரங்கப் பகுதியில் கிடைத்து 2011இல் விவரிக்கப்பட்ட இலைப் படிவங்கள் ஏறத்தாழ 5.8 முதல் 6 கோடி ஆண்டுகள் பழமையானவை. செம்பருத்திப் பக்கத்துக் கிளை அப்போதே தோன்றிவிட்டது என்று அவை காட்டுகின்றன.

ஆனைப்புளிய மரம் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பது கண்டங்கள் பிரிந்ததாலா?

அப்படித்தான் நெடுநாள் நம்பினார்கள். மொத்தம் எட்டு இனங்கள்; ஆறு மடகாஸ்கரில், ஒன்று ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், ஒன்று ஆஸ்திரேலியாவில். 1998இல் பாம் குழுவினர் செய்த டிஎன்ஏ ஆய்வின்படி, இவை பிரிந்த காலம், இந்தக் கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்த காலத்துக்கு வெகு பின்னால் வருகிறது. எனவே காய்கள் கடலில் மிதந்து சென்றிருக்க வேண்டும். நம் நாட்டு ஆனைப்புளிய மரங்கள் ஆப்பிரிக்க இனமே. 2015இல் வந்த மரபியல் ஆய்வு, இந்திய மரங்கள் ஆப்பிரிக்காவின் ஒரே இடத்திலிருந்து அல்லாமல் பல இடங்களிலிருந்து மனிதர் வழியாக வந்தவை என்று காட்டியது.

உலர்தாவரத் தொகுப்பில் உள்ள பழைய இலைகளிலிருந்து டிஎன்ஏ கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் துண்டு துண்டாக. இப்போதைய கருவிகளில் பல குறுந்துண்டுகளையே படிப்பவை என்பதால் அது பெரிய தடையில்லை. ஈரமான காடுகளில் செடியைக் கெடாமல் வைக்க ஆல்கஹாலில் நனைத்தவையே மிகவும் தொல்லை தருபவை. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உள்ளதைப் போன்ற தொகுப்புகளில் ஓர் இலைத்துணுக்கு கேட்பவர், எந்த மரபணுவுக்காக, எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தாளில் ஒட்டிய அந்தச் செடி மீண்டும் முளைக்காது.

ஆய்வகம் இல்லாத மாணவர்கள் வீட்டில் என்ன பார்க்கலாம்?

காலையில் செம்பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியவற்றின் பூக்களில் ஒவ்வொன்றைப் பறித்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பிளேடால் நெடுக்காகப் பிளக்க வேண்டும். மூன்றிலும் மகரந்தத்தாள்கள் ஒரு குழலாகச் சேர்ந்து, அதன் நடுவே சூல்தண்டு போவது தெரியும். சூல்தண்டின் நுனியைப் பாருங்கள்: செம்பருத்தியிலும் வெண்டையிலும் அது ஐந்தாகப் பிரிந்து ஒவ்வொன்றின் முனையிலும் வெல்வெட்டுப் பொட்டு இருக்கும், பூவரசில் பிரியாமல் கதாயுதம்போல் தடித்து நிற்கும். பருத்திப் பூ கிடைத்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். அது பூவரசையே ஒத்திருக்கும். பிறகு புல்லி வட்டத்தை மெல்லக் கழற்றி, அதன் உட்புற அடியைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தால், நெருக்கமான சிறு மயிர்த் திட்டு ஒன்று ஈரமாக மின்னும். தேன் சுரப்பது அங்கேதான். இதழின் அடியில் தேனைத் தேடி ஏமாறும் மாணவர்கள் பலர். புல்லியில் மயிர்களால் தேன் சுரக்கும் இந்தப் பழக்கம் இலவிலும் பருத்தியிலும் உண்டு. பழைய குடும்பங்களின் சுவர்களைத் தாண்டி இது பரவியிருக்கிறது.